'பெஸ்போக்'னா என்ன பாப்பா?

ராஜபாளையம் பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு சந்து. அதில் சின்னதாக ஒரு தையல் கடை. இரண்டு மெஷின், ஒரு கட்டிங் டேபிள், ஆணியில் தொங்கும் அளவு ஜாக்கெட்டுகள். கடைக்காரம்மாவுக்கு 52 வயது. அதில் 30 வருஷம் ஜாக்கெட் தைத்தே ஓடியிருக்கிறது.

மகளுக்குக் கோயம்புத்தூரில் வேலை. அம்மா தைத்த ஜாக்கெட்டுகளை இன்ஸ்டாகிராமில் போடுவது அவள்தான். ஒருநாள் லண்டனில் இருந்து ஒரு மெசேஜ் வந்தது. எழுதியவர் தமிழ்ப் பெண்மணி. மகள் கல்யாணத்துக்கு 3 ஜாக்கெட் வேண்டும், 'பெஸ்போக்' ஆர்டர் எடுப்பீர்களா என்று கேட்டிருந்தார்.

"பெஸ்போக்னா என்ன பாப்பா?"

"கஸ்டமைஸ் மாதிரிதாம்மா. ஆர்டருக்குத் தைக்கிறது. அந்த வார்த்தையைப் போட்டாலே ரேட் மூணு மடங்கு. நாமளும் போர்டுல போட்டுக்கலாம். அளவு ஜாக்கெட்டைக் கூரியர்ல அனுப்பச் சொல்லிரவா?"

"இரு. என்னன்னு தெரியாம அச்சாரம் வாங்கக் கூடாது."

அந்தப் பயத்துக்குக் காரணம் உண்டு. இரண்டு வருஷத்துக்கு முன்னால், பஸ் பார்சலில் வந்த அளவு ஜாக்கெட்டை வைத்து ஒரு முகூர்த்தப் பட்டை வெட்டினார். அது எப்போதோ தைத்த ஜாக்கெட். பெண் அதற்குள் உடம்பு போட்டுவிட்டாள். கை ஏறவே இல்லை. கல்யாண வீட்டில் அந்தப் பெண் அழுததை இவரால் மறக்க முடியவில்லை. பட்டுக்குக் காசைத் திருப்பிக் கொடுத்தார். ஆனால் வெட்டின துணி ஒட்டுமா?

அன்று ராத்திரி மகள் உட்கார்ந்து தேடிப் படித்துச் சொன்னாள்.

பெஸ்போக் என்பது பிரிட்டன்காரர்கள் அதிகம் புழங்கும் வார்த்தை. அமெரிக்காவில் அதையே 'கஸ்டம்' என்பார்கள். 'ஸ்பீக்', அதாவது பேசு என்பதுதான் அதன் வேர். ஒரு பொருளை முன்கூட்டியே பேசி வைப்பது 'பிஸ்பீக்'. அப்படிப் பேசி வைத்தது 'பெஸ்போக்'. லண்டனில் சவில் ரோ என்று ஒரு தெரு, கோட் சூட் தையலுக்குப் பேர் போனது. வாடிக்கையாளர் ஒரு துணியைத் தேர்ந்தெடுத்துவிட்டால் அது 'பேசியாகிவிட்டது', வேறு யாருக்கும் கிடையாது என்பார்களாம். அதில் இருந்துதான் வார்த்தை பரவியது என்று அங்கே கதை சொல்கிறார்கள்.

அந்தத் தெருவின் கணக்கில் தையல் மூன்று வகை. கடையில் தொங்குவதை எடுத்துப் போட்டுக்கொள்வது ரெடிமேட். ஏற்கெனவே இருக்கும் ஒரு பேட்டர்னை நம் அளவுக்குக் கூட்டிக் குறைத்துத் தைப்பது 'மேட் டு மெஷர்'. ஒரே ஒருவருக்காகப் புதிதாகப் பேட்டர்ன் வரைந்து, நூலோட்டி, போட்டுப் பார்த்து, பிரித்துத் திருத்தித் தைப்பதுதான் பெஸ்போக்.

2008-ல் இது பஞ்சாயத்துக்கே போனது. அளவெடுத்து மெஷினில் தைத்த சூட்டை பெஸ்போக் என்று விளம்பரம் செய்யலாமா என்று கேள்வி. பிரிட்டன் விளம்பரத் தர ஆணையம் 'செய்யலாம்' என்று சொல்லிவிட்டது. சவில் ரோ தையல்காரர்களுக்கு அது பெரிய வருத்தம். இப்போது சாஃப்ட்வேர், சுற்றுலா, சமையலறை அலமாரி எல்லாவற்றுக்கும் முன்னால் அந்த வார்த்தை ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அம்மா யோசித்துவிட்டுச் சொன்னார். "ஸ்ரீவில்லிபுத்தூர்ல கடைக்குப் போய் அரைக்கிலோ பால்கோவா வாங்குறது ரெடிமேட். விசேஷத்துக்கு 20 கிலோ வேணும், சீனியைக் கொஞ்சம் குறைச்சுப் போடுங்கன்னு சொல்லி வைக்கிறது உன்னோட ரெண்டாவது. ஆண்டாள் கையில இருக்கிற கிளி இருக்கே, மாதுளம்பூ மூக்கும் மரவள்ளி இலை உடம்புமா தினமும் புதுசாச் செய்றாங்களே, அதுதான் மூணாவது. நேத்துச் செஞ்சது இன்னைக்கு ஆகாது. ஒருத்தருக்குச் செஞ்சது இன்னொருத்தருக்கு ஆகாது."

"அப்போ என்ன பதில் போடட்டும்?"

"அளவு ஜாக்கெட் அனுப்பினா நல்லாத் தச்சுத் தருவோம். ஆனா அது பெஸ்போக் இல்ல. அதுதான் வேணும்னா அவங்க நேர்ல வரணும்னு போடு."

"ஆர்டர் போயிரும்மா!"

"போனாப் போகுது."

நாலு நாள் பதிலே இல்லை. மகளுக்குக் கோபம். ஐந்தாம் நாள் மெசேஜ் வந்தது. 'ஆடிப்பூரத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் வருகிறேன். ஒரு வாரம் சொந்தக்காரங்க வீட்டில் இருப்பேன். தேர் முடிந்து வரலாமா?'

வந்தார். ஒல்லியான உடம்பு, தொளதொள சுடிதார், மேலே ஒரு சால்வை. ஆடி மாதப் புழுக்கத்திலும் சால்வையை எடுக்கவில்லை. உட்கார்ந்ததும், "அனுப்புறதுக்கு என்கிட்ட அளவு ஜாக்கெட்டே இல்லக்கா" என்றார். "இருக்கிறது எதுவும் இப்போ எனக்குச் சேராது."

புற்றுநோய். இரண்டு வருஷத்துக்கு முன்னால் இடது மார்பை எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு சேலையே கட்டவில்லை. மகள் கல்யாணத்தில் சேலை கட்டி நிற்க வேண்டும். ஆசை அவ்வளவுதான். "இதையெல்லாம் மெசேஜ்ல எப்படி எழுதுறது? அதான் அந்த ஒரு வார்த்தையைப் போட்டேன்."

கடைக்காரம்மா எழுந்து ஷட்டரைப் பாதி இறக்கினார். திரையை இழுத்துவிட்டார். டேப்பை உடனே எடுக்கவில்லை. முதலில் கேட்டார். தழும்பு எங்கே உறுத்துகிறது? கையை எதுவரை தூக்க முடிகிறது? உள்ளே பேட் வைத்துக்கொள்கிறீர்களா? பேச்சு முடிய ஒரு மணி நேரம் ஆனது. நடுவில் இரண்டு டீ.

அப்புறம்தான் அளவு. அறுவைக்குப் பிறகு இடது கை லேசாக வீங்கியிருந்தது. அதனால் இரண்டு கைக்கும் தனித்தனி அளவு. கை பின்னால் போகாது, அதனால் ஊக்கு முன்பக்கம். கழுத்து கொஞ்சம் ஏற்றி. பேட் நழுவாமல் இருக்க உள்ளே மெல்லிய காட்டனில் ஒரு பை. தழும்பு படும் இடத்தில் தையலே வராதபடி வெட்டு. வெகு நாளைக்குப் பிறகு காகிதத்தில் பேட்டர்ன் வரைந்தார்.

பட்டில் கை வைக்கவில்லை. காடாத் துணியில் நூலோட்டி ஒரு ஜாக்கெட் செய்தார். ஸ்ரீவில்லிபுத்தூர் 12 கிலோமீட்டர்தான். அந்த அம்மா மறுநாளும் அதற்கு மறுநாளும் பஸ் ஏறி வந்து போட்டுப் பார்த்தார். இரண்டு முறை பிரித்துத் திருத்திய பிறகுதான் பட்டை வெட்டினார்.

முடிந்த ஜாக்கெட்டைப் போட்டு, சேலை கட்டி, கண்ணாடி முன்னால் நின்றார். சால்வை நாற்காலியில் கிடந்தது. ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "ரெண்டு பக்கமும் ஒண்ணுபோல இருக்குக்கா" என்றார்.

கல்யாணம் முடிந்து வாட்ஸ்அப்பில் போட்டோ வந்தது. மாலையும் கழுத்துமாக மகள், பக்கத்தில் பச்சைப் பட்டில் அம்மா.

"இதை இன்ஸ்டாகிராம்ல போடவாம்மா? ஆர்டர் குவியும்."

"வேணாம். அவங்க என்னை நம்பிப் பேசினது."

"சரி, போர்டுலயாவது பெஸ்போக்னு போடலாமே?"

அம்மா மெஷினில் இருந்து நிமிரவில்லை. "'பேசித் தைத்துத் தரப்படும்'னு எழுதச் சொல்லு. நம்ம ஊருக்கு அது புரியும்."