பெயரைச் சோதிக்கும் செயற்கூறு

ஒரு செயற்கூறு தன்னிடம் வரும் உள்ளீட்டைப் பயன்படுத்துமுன் சோதிக்க வேண்டும் என்பது நிரலாக்கத்தின் பாலபாடம். வயது வரவேண்டிய இடத்தில் எதிர்ம எண் வந்தால் நிறுத்த வேண்டும். பட்டியல் வரவேண்டிய இடத்தில் ஒன்றுமே வராவிட்டால் பிழையைத் தெரிவிக்க வேண்டும். இவற்றில் கருத்து வேறுபாடு இல்லை. உள்ளீடு ஒரு மனிதரின் பெயராக இருக்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. 'இது செல்லும், இது செல்லாது' என்று எழுதும் ஒவ்வொரு வரியும் பெயர் என்றால் என்ன என்பதைப் பற்றிய ஒரு மொழியியல் கூற்றாகிவிடுகிறது. எழுதியவர் அதை உணர்ந்திருக்க வேண்டும் என்பதில்லை.

கல்யாண் என்னும் ஊர்ப்பெயரையே எடுத்துக்கொள்வோம். தமிழ்க் கணக்கில் அது நான்கு எழுத்து: க, ல், யா, ண். பைத்தான் மொழியில் அதன் நீளத்தைக் கேட்டால் 7 என விடை வரும். புள்ளியையும் துணைக்காலையும் யூனிகோடு தனித்தனியே எண்ணுவதே காரணம். ஒரு சரத்தில் உள்ளவை எல்லாம் எழுத்துகள்தாமா என்று சொல்லும் 'இஸ்ஆல்ஃபா' செயற்கூற்றிடம் அதே பெயரைக் கொடுத்தால் 'இல்லை' என்கிறது. 'பல' என்ற சொல் தேறும், 'சில' தேறாது. யூனிகோடு 'எழுத்து' என வகைப்படுத்தியவற்றை மட்டுமே அது ஏற்கும். உயிரெழுத்துகளும் அகரமேறிய மெய்களும் அவ்வகையில் அடங்கும். இகரக் குறியும் துணைக்காலும் புள்ளியும் 'சார்குறி' எனத்தக்க வேறொரு வகையைச் சேர்ந்தவை. மராத்தியும் இதற்கு விலக்கன்று; தேவநாகரியில் எழுதப்பட்ட கல்யாணும் தேறுவதில்லை.

இதே மொழி, 2008இல் வெளிவந்த 3.0 பதிப்பு முதல், 'சில' என்பதை ஒரு மாறியின் பெயராக ஏற்கிறது. மாறிக்கு ஆகும் பெயர் மனிதருக்கு ஆகவில்லை. பிழை மொழியினுடையது அன்று. இஸ்ஆல்ஃபா எதைச் சோதிக்கிறது என்பதை அதன் ஆவணம் தெளிவாகவே கூறுகிறது. அதைப் பெயருக்கான சோதனையாகக் கொண்டவரின் தேர்வுதான் பிழை. திருத்தமும் கடினமன்று. எழுத்தோடு சார்குறி வகையையும் ஏற்க வேண்டும். தலைப்பெழுத்துக்குப் பின் வரும் புள்ளியையும் இடைவெளியையும் அனுமதிக்க வேண்டும். 'கொ' என்பதை ஒகரக் குறி ஒன்றாலோ, ஒற்றைக்கொம்பும் துணைக்காலும் சேர்த்தோ உள்ளிடலாம். கண்ணுக்கு ஒன்றாயினும் கணினிக்கு இவை இரண்டு. ஆகவே ஒப்பிடுமுன் இயல்பாக்கம் செய்ய வேண்டும்.

எழுத்து நிலையைத் தாண்டினால் அமைப்பு நிலையில் இன்னும் ஆழமான சிக்கல் உள்ளது. மகாராட்டிர வழக்கில் முழுப்பெயர் என்பது தன் பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், குடும்பப்பெயர் என்ற வரிசை. 2024 மே 1 முதல் பிறந்தவர்களுக்கு அரசு ஆவணங்களில் தாயின் பெயரும் இவ்வரிசையில் இடம்பெற வேண்டும் என மாநில அரசு விதித்துள்ளது. தமிழ் வழக்கிலோ தந்தை பெயரின் தலைப்பெழுத்தும் தன் பெயரும் போதும். குடும்பப்பெயர் என்ற இடமே பலருக்கு இல்லை. தாராவி, மாட்டுங்கா, செம்பூர் முதல் கல்யாண் வரை வாழும் தமிழ்க் குடும்பங்கள் இந்த இரு இலக்கணங்களுக்கும் இடையில் நிற்கின்றன.

குடும்பப்பெயர் வெறுமையாக இருந்தால் பிழை காட்டும் ஒரு நிபந்தனையின் முன் அவர்களுக்கு உள்ள வழிகள் சிலவே. தந்தை பெயரை அங்கே இடலாம். அப்போது தந்தைக்கு ஒரு குடும்பப்பெயர், பிள்ளைக்கு வேறொன்று. பாட்டனார் பெயரையோ பூர்விக ஊரையோ இடலாம். அல்லது கைவிட்ட சாதிப் பட்டத்தை மீண்டும் எடுத்துக்கொள்ளலாம். 1929இல் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாடு பெயருக்குப் பின் வரும் சாதிப் பட்டங்களை விடுமாறு தீர்மானித்தது. அத்தீர்மானம் இயற்றியவர்களின் பெயரர்களிடம் ஒரு நிரல் வரி அப்பட்டத்தைத் திரும்பக் கேட்கிறது. கேட்பது இன்னதென்று நிரலாளருக்குத் தெரியாது. ஆவணத்துக்கு ஆவணம் வேறு வழியைத் தேர்ந்தவருக்கு அடுத்த இடர் காத்திருக்கிறது: இரு பதிவுகளின் பெயர்களை ஒப்பிடும் செயற்கூறு அவரை இரண்டு மனிதராகக் கொள்ளும்.

இது எல்லை கடந்தும் தொடர்கிறது. கடவுச்சீட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பயணிகளைச் சுற்றுலா, வருகை விசாக்களில் அனுமதிப்பதில்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் அறிவித்தது. கடவுச்சீட்டின் இரண்டாம் பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப்பெயரோ இருந்தால் போதும் என்று பின்னர் தளர்த்தியது. தேவையான தகவல் முன்பே கையில் இருந்தது. சோதனைதான் அதைத் தவறான இடத்தில் தேடியது.

சோதனை வேண்டாம் என்பது இதன் பொருளன்று. தொல்காப்பிய மொழிமரபு எவ்வெழுத்துகள் சொல்லுக்கு முதலில் வரும், எவை இறுதியில் வரும் என வரையறுக்கிறது. அதுவும் ஒரு சோதனையே. ஆனால் வெளியிலிருந்து வந்த சொல்லைத் தமிழ் இலக்கண மரபு விலக்கிவிடவில்லை. 'இராமன்', 'உலோகம்' என முன்னே ஓர் உயிரைச் சேர்த்து ஏற்றுக்கொண்டது. சொற்களுக்கு அது பொருந்தும். மனிதரின் பெயரை அவர் இசைவின்றி அப்படி மாற்றுவதும் தகாது.

ஆகவே, செயற்கூற்றுக்கு உண்மையில் எது தேவை என்பதே முதற்கேள்வி. உறையின் மேல் அச்சிடப் பெயர் வெறுமையாக இல்லாதிருந்தால் போதும். தரவுத்தளத்தைத் தாக்கும் உள்ளீடு குறித்த அச்சமென்றால், வினவலையும் மதிப்பையும் பிரித்து அனுப்புவதே காப்பு. எழுத்துகளை வடிகட்டுவது அன்று. அடையாளத்தை உறுதிசெய்ய வேண்டுமெனில் ஆவணத்தில் உள்ளபடியே பெயரைப் பெற ஒரே ஒரு கட்டம் போதும்.

மொழியியல் மாணவர்கள் இதில் செய்யத்தக்க எளிய பணி ஒன்று உண்டு. தம் துறையிலோ நூலகத்திலோ பயன்படும் பதிவுப் படிவத்தில் மூன்று பெயர்களை உள்ளிட்டுப் பார்க்கலாம்: புள்ளியும் உயிர்க்குறியும் உள்ள ஒரு தமிழ்ப் பெயர், தலைப்பெழுத்தோடு கூடிய ஒரு பெயர், ஒற்றைப் பெயர். எந்தப் பெயரில் எந்தப் பிழைச்செய்தி வருகிறது என்பதைக் குறித்து நிரலாளரிடம் கொடுத்தால், அது அவருக்கு நேரடியாகப் பயன்படும் சோதனைத் தரவு.