சாப்பாட்டோடு ஒரு மாத்திரை

அண்ணனுக்குச் சிறுநீரகம் இரண்டும் செயலிழந்து, வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். ஒவ்வொரு தடவையும் 4 மணி நேரம். நான் ஓய்வு பெற்ற புதிது. துணைக்குப் போவது என் வேலை. மாத்திரைகளை டப்பாவில் பிரித்து வைப்பதும் நான்தான். ஆபீசில் 32 வருஷம் கணக்குப் பார்த்தவன், தப்பு வருமா என்ற நினைப்பு.

முதலில் உடம்பெல்லாம் அரிப்பு. அண்ணி தேங்காய் எண்ணெய் தடவினார். பிறகு இடுப்பிலும் காலிலும் வலி. எலும்புக்கு நல்லதென்று இரண்டு வேளையும் பால் கொடுத்தார். "வயசாச்சுடா, வேறென்ன" என்பார் அண்ணன். ஒரு நாள் விடியற்காலை பாத்ரூம் வாசலில் லேசாகச் சறுக்கி உட்கார்ந்தார். பலமான அடிகூட இல்லை. தொடை எலும்பு முறிந்துவிட்டது.

"கிட்னிக்கும் எலும்புக்கும் என்ன டாக்டர் சம்பந்தம்?" என்று கேட்டேன்.

அந்த அம்மா பொறுமையாகச் சொன்னார். பாஸ்பரஸை வெளியேற்றுவது சிறுநீரகம். வைட்டமின் டி-யை உடம்புக்கு உதவும்படி மாற்றுவதும் அதுதான். இரண்டும் நின்றால் ரத்தத்தில் பாஸ்பரஸ் ஏறும், கால்சியம் இறங்கும். கழுத்தில் அரிசி அளவில் நான்கு பாராதைராய்டு சுரப்பிகள் இருக்கின்றனவாம். அவை எலும்பிலிருந்து கால்சியத்தை உருவி ரத்தத்துக்குக் கொடுக்கும். எலும்பு பலமிழந்துவிடும். டயாலிசிஸ் மட்டும் பாஸ்பரஸை முழுசாக எடுக்காது. பாலில் அது நிறைய. கோலா பானங்களிலும் பாக்கெட் தீனிகளிலும் சேர்க்கிறார்கள்.

"அதுக்குத்தானே கால்சியம் அசிடேட் எழுதினேன். எப்போ கொடுக்கிறீங்க?"

"காலையில வெறும் வயித்துல, மத்த மாத்திரையோட."

அவர் ஒரு நிமிஷம் பேசவில்லை. சாப்பாட்டோடு போனால்தான் அது உணவிலுள்ள பாஸ்பரஸைக் குடலிலேயே பிடித்து வெளியேற்றுமாம். வெறும் வயிற்றில் அந்த வேலை நடக்காது. சீட்டை எடுத்துப் பார்த்தேன். 'சாப்பாட்டுடன்' என்று தெளிவாகத்தான் எழுதியிருந்தது. ஏதோ சத்து மாத்திரை என்று நான் எட்டு மாதம் அலட்சியமாக இருந்திருக்கிறேன்.

அண்ணனிடம் சொல்ல இரண்டு நாள் ஆனது. "சரி விடு, டப்பாவை இங்க கொடு" என்றார், அவ்வளவுதான்.

ஆபரேஷன் முடிந்து வாக்கரோடு நடக்க ஆரம்பித்த பிறகு, இலையில் உப்பு வைக்கிற இடத்தில் அந்த மாத்திரையை வைத்துக்கொள்வார். முதல் கவளம் இறங்கியதும் அதைப் போட்டுக்கொண்டு, என்னை ஒரு தடவை நிமிர்ந்து பார்ப்பார்.