‘எச்’ போட்ட ஒரு ரூபாய்

ஒரு பக்கம் அசோகச் சிங்கம், மறுபக்கம் பெரிய ‘1’, அதன் இருபுறமும் கதிர்கள். 1985 என்ற ஆண்டுக்கு அடியில், உற்றுப் பார்த்தால் மட்டும் தெரிகிற ஆங்கில எழுத்து ‘எச்’. இந்த எழுத்துள்ள ஒரு ரூபாய்க்கு லட்சக்கணக்கில் விலை என்று சொல்லும் வீடியோ ஒன்று எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவுக்கு வந்தது. அத்தை தன்னிடமிருந்த பழைய சில்லறையைக் கொட்டிக் கிளறி அப்படி ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டார்.

“நீதான் காசெல்லாம் சேக்குறவனாச்சே. இது நெசமாடா?”

“பொறுங்க அத்தை. எங்கேருந்து வந்த காசுன்னு பாத்துட்டுச் சொல்றேன்.”

நம் நாணயங்களில் ஆண்டுக்குக் கீழே இருக்கும் குறி, அதை அச்சடித்த நாணயசாலையைக் காட்டும். சிறு வைரம் என்றால் மும்பை, நட்சத்திரம் என்றால் ஹைதராபாத். எதுவுமே இல்லையென்றால் கொல்கத்தா. 1985இல் நம் நாட்டில் நாணயம் அடித்தவை இந்த மூன்றும்தான்; நான்காவதான நொய்டா சாலை 1988இல்தான் வந்தது. ‘எச்’ இவற்றில் எதற்கும் உரியதல்ல.

சேகரிப்பாளர்கள் வைத்திருக்கும் பட்டியல் நூலைப் புரட்டியபோது விடை கிடைத்தது: பர்மிங்ஹாம், இங்கிலாந்து. சில்லறைத் தட்டுப்பாடு கடுமையாக இருந்த காலம் அது. உள்நாட்டுச் சாலைகளால் ஈடுகொடுக்க முடியாமல், அரசு வெளிநாட்டில் நாணயம் அடித்துத் தருவித்தது. வேல்ஸ் நாட்டின் லாண்ட்ரிசண்டில் உள்ள ராயல் மிண்ட்டும் அதே ஆண்டு ஒரு ரூபாய் அடித்தது. அங்கே அடித்ததில் ஆண்டின் முதல் இலக்கத்துக்கு அடியில் ஒரு வைரம் இருக்கும். அதை மும்பைக் காசு என்று எண்ணி எத்தனையோ பேர் தள்ளிவிட்டிருப்பார்கள்.

‘எச்’ என்பது ஹீட்டன். 1850இல், மேத்யூ போல்ட்டனின் புகழ்பெற்ற சோஹோ நாணயசாலை ஏலத்துக்கு வந்தபோது, அதன் நீராவி அச்சு எந்திரங்களை வாங்கித் தொழிலைத் தொடங்கியவர் ரால்ஃப் ஹீட்டன். அந்தக் குடும்பத்துச் சாலை உலகெங்கும் காசு அடித்துக் கொடுத்தது. இங்கிலாந்தின் பென்னிகளிலேயே 1874 முதல் சில ஆண்டுகளில் அதே ‘எச்’ உண்டு. பினாங்கிலும் சிங்கப்பூரிலும் நம்மவர்கள் புழங்கிய நீரிணைக் குடியேற்றக் காசுகளிலும் அதைப் பார்க்கலாம். நிறுவனத்தின் பெயர் பின்னர் பர்மிங்ஹாம் மிண்ட் என்று மாறியும் நிறுவனரின் எழுத்து மாறவில்லை. சாலை 2003இல் மூடப்பட்டது. நம் ஊர் மளிகைக் கடைக் கல்லாவுக்குள் இவ்வளவு நீண்ட வரலாறு புழங்கியிருக்கிறது என்பது எனக்கு லட்சத்தைவிடப் பெரிய சேதி.

சரி, விலை? தட்டுப்பாட்டைத் தீர்க்கத் தருவித்த காசு பெருந்தொகையாகத்தான் வந்திருக்கும். கொஞ்சமாக வந்து என்ன பயன்? அரிய காசாக இருக்க அதற்கு வழியே இல்லை. செம்பும் நிக்கலும் கலந்த 6 கிராம் உலோகம், 26 மில்லிமீட்டர் விட்டம். புழங்கித் தேய்ந்ததைக் கண்காட்சியில் வியாபாரிகள் பத்து, இருபது ரூபாய்க்குக் கொடுக்கிறார்கள். விலையைக் கூட்டுவது ‘எச்’ அல்ல, காசின் நிலை. சிங்கத்தின் பிடரியும் மார்பும் மழுங்காமல், அச்சிலிருந்து வந்த மினுக்கு அப்படியே இருந்தால் சில நூறு தருபவர்கள் உண்டு. அந்த மினுக்கைப் புளி போட்டுத் தேய்த்துக் கொண்டுவர முடியாது. தேய்த்த காசு அனுபவமுள்ளவர் கண்ணுக்கு உடனே தெரியும். இருந்த மதிப்பும் போய்விடும்.

இதை அத்தையிடம் சொல்லப் போனபோது, வீடியோவில் இருந்த எண்ணுக்கு அவர் ஏற்கெனவே படம் அனுப்பியிருந்தார். ரிசர்வ் வங்கி ஒப்புதல் கிடைத்துவிட்டதாகவும், பதிவுக் கட்டணமும் வரியும் முதலில் கட்ட வேண்டும் என்றும் பதில் வந்திருந்தது. பழைய நாணயம், நோட்டு வாங்கி விற்கும் வேலையில் தான் ஈடுபடுவதே இல்லை, அதற்காக எந்தக் கட்டணமும் கேட்பதில்லை, யாருக்கும் அந்த அதிகாரத்தைக் கொடுக்கவும் இல்லை என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டிலேயே எச்சரித்திருக்கிறது. அந்த அறிவிப்பைப் படித்துக் காட்டினேன்.

அத்தை கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “அந்த வீடியோவப் பாத்த எல்லாரும் இதையும் பாக்கணும். குழுவுல போடு. பெரியப்பாவுக்குத் தனியா போன் பண்ணியும் சொல்லிடு, அவரும் காசு தேடிக்கிட்டிருக்காரு” என்றார்.