பதினொரு நோட்டுகள்

கையெழுத்துப் பத்திரிகை என்றால் எங்கள் வகுப்புக்குத் தனிப் பிரியம். இவ்வாண்டு நாங்கள் புதிதாக ஒன்றும் எழுதவில்லை. பழையவற்றைத் தேடிப் பட்டியல் போட்டோம். அதிலும் ஒரே வகை: தொலைக்காட்சித் தொடர்களின் ரசிகைகள் எழுதியவை. எங்கள் அம்மாக்களும் அத்தைகளும் பள்ளியில் படித்த நாளில், நாகா இயக்கிய ‘விடாது கருப்பு’ தொடரைப் பார்த்துவிட்டு, அடுத்த வாரம் என்ன நடக்கும் என்று நாற்பது பக்க நோட்டில் தாங்களே எழுதிச் சுற்றுக்கு விட்டிருக்கிறார்கள்! பதினொன்று கிடைத்தன. பன்னிரண்டாவது பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போய்விட்டதாம்.

கடல் கடந்தும் இந்த ஆசை இருந்திருக்கிறது. அமெரிக்காவில் 1966-இல் ‘ஸ்டார் டிரெக்’ தொடர் வந்தது. மறு ஆண்டே டெவ்ரா லாங்சாம், ஷெர்னா காமர்ஃபோர்டு என்னும் இரு பெண்கள் ‘ஸ்பாக்கனேலியா’ என்ற ரசிகர் இதழை வெளியிட்டனர். அவ்வகை இதழ்கள் பெருகவே, 1967 முதல் 1987 வரையிலான அவற்றின் வரலாற்றை ஜோன் வெர்பா 1996-இல் நூலாக்கினார். அயோவா பல்கலைக்கழக நூலகம் இத்தகைய இதழ்களைச் சேர்த்துக் காக்கிறது. தமிழில் சிறு பத்திரிகைகளுக்கு வல்லிக்கண்ணன் செய்த தொண்டும் ஏறக்குறைய இதுவே.

எங்கள் விருத்தாசலத்துப் பீங்கான் பொம்மை உடைந்தால், அதே அச்சில் இன்னொன்று வார்க்கலாம். இந்த நோட்டுகளுக்கோ படி ஒன்றுதான்.

தலைப்பு, ஆண்டு, பக்கம், எழுதியவர் என்று கட்டம் போட்டு, ஒவ்வொன்றுக்கும் நான்கு வரி மதிப்புரை எழுதினோம். சில கதைகள் சுமார்தான். குதிரை வரும் இடத்திலெல்லாம் மூன்று ஆச்சரியக்குறி! அதையும் உள்ளபடியே குறித்தோம். ஒரு நோட்டில், படித்தவர்கள் ஓரத்தில் பென்சிலால் போட்ட சண்டை கதையைவிட நன்றாயிருந்தது.

ஏழாம் நோட்டுதான் எல்லாவற்றிலும் சிறந்தது. அதில் இருந்தது புனைபெயர். கையெழுத்தைப் பார்த்ததுமே ஒரு தோழியின் அம்மா ஆளைச் சொல்லிவிட்டார். அந்த அத்தையைப் போய்க் கேட்டோம்.

“வேண்டாம்மா, பேரைப் போடாதீங்க. எங்க வீட்ல அப்ப டி.வி. கிடையாது. பக்கத்து வீட்டு ஜன்னல்ல நின்னு பார்த்து எழுதினது. அப்பாவுக்கு இன்னிக்கும் தெரியாது.”

எங்களுக்குள் இரண்டு கட்சியாயிற்று. பெயரில்லாத பட்டியல் அரைப் பட்டியல்தானே என்றனர் சிலர். “கேட்டு, அவர் மறுத்த பிறகு எழுதுவது முறையா?” என்றார் நூலகத்துச் சிஸ்டர். புனைபெயரையே எழுதினோம்.

மதிப்புரையை அத்தையிடம் காட்டினோம். இருமுறை படித்தார். நோட்டை ஓர் இரவு வீட்டுக்குத் தர முடியுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். இரவல் ஏட்டிலும் அதே புனைபெயரை எழுதிக் கொடுத்தனுப்பினோம்.