வாவி கற்பித்த இரண்டு அதிகாரங்கள்

ஜூபிலி மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டுமென நண்பர்கள் கேட்டபொழுது, தமிழாசிரியனாகிய என்னிடம் இலக்கிய ஆராய்ச்சி ஒன்றையே அவர்கள் எதிர்பார்த்திருப்பர். நான் எழுதப் புகுவதோ மீன் பிடித்தலைப் பற்றி. அதிலும், மீன்படாத நாளிற் கொடுவா மீனைத் தேடிக் கண்டு இரைக்கு அழைப்பது எவ்வாறு என்பதைப் பற்றி. காரணம் உண்டு. மாணவனாயிருந்த காலத்தில் நான் எழுதிய பொய்க் கட்டுரை ஒன்றுக்கு இது திருத்தமாகும்.

2003 ஆம் ஆண்டு தை மாதம் அது. உயர்தர வகுப்பிற் பயின்றுகொண்டிருந்தேன். 'என் தந்தையார்' என்னும் தலைப்பிற் கட்டுரை எழுத நேர்ந்தது. என் தந்தையார் பாலமீன்மடுவில் தோணி வைத்து வாவியிலே தொழில் செய்தவர். மீன் நாற்றம் புத்தகப் பையிலும் ஒட்டியிருக்குமோ என அஞ்சி வாழ்ந்த நான், அவரைப் படுவான்கரையில் வயல் செய்யும் போடியாராக்கி இரண்டு பக்கம் எழுதினேன். நல்ல புள்ளியுங் கிடைத்தது. எழுத்தறியாத அப்பா அன்றிரவு விளக்கடியிற் கொப்பியைக் கண்டார். "என்னைப் பற்றியா எழுதியிருக்காய்? வாசி மகன், கேட்பம்" என்றார். வேறு வழியின்றி வாசித்தேன். முடியுமட்டுங் கேட்டிருந்தவர், ஒன்றுஞ் சொல்லாமல் எழுந்து வலை பொத்தப் போய்விட்டார்.

அந்த மாதம் எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்த நாட்கள் குறைவு. வடகீழ்ப் பருவமழையின் வெள்ளம் வாவியை நிறைத்து, முகத்துவாரம் உடைத்துக் கடலுக்கு ஓடிக்கொண்டிருந்தது. நீர் கலங்கிக் குளிர்ந்து உவர்ப்பிழந்து கிடந்தது. வலை வெறுமையாய் வந்தது; தூண்டிலும் வெறுமையாய் வந்தது. கடையிற் கடன் ஏறிவிட்டது. "இப்படியே போனால் பொடியனையும் தோணிக்கு எடுக்க வேண்டியதுதான்" என்று அப்பா அம்மாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது. கட்டுரை வாசித்த இரவை அடுத்த சனிக்கிழமை, விடியுமுன் அவர் என்னை எழுப்பினார். படிப்பு முடிந்ததென்றே எண்ணிக்கொண்டு தோணியில் ஏறினேன்.

கொடுவாவைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். 'கொடு' என்னுஞ் சொல்லுக்கு வளைவு என்பது பொருளாதலின், கொடுவாய் என்பதே இப்பெயரின் மூலமெனக் கொள்ளலாம். சிங்கள மக்கள் இதனை மோதா என்பர். ஆஸ்திரேலியர் பாரமுண்டி என்பர். 1790 இல் புளொக் என்னும் ஜெர்மானிய அறிஞர் இதற்கு அறிவியற் பெயர் சூட்டினார். ஆணாக வளர்ந்து, சில ஆண்டுகளின் பின் பெண்ணாக மாறும் இயல்பினது. வாவியில் வளர்ந்தாலும், முட்டையிட உவர்நீரை நாடிக் கழிமுகத்துக்கு வரும். அமெரிக்காவின் அத்திலாந்திக் கரையிலே தூண்டிற்காரர் பெரிதும் போற்றும் வரிப் பாஸ் என்னும் மீன் இதற்கு நேர்மாறானது. அது கடலில் வாழ்ந்து, முட்டையிட ஆற்றின் நன்னீருக்கு ஏறும். ஆயினும் இரு கரையிலும் தேடுவோன் செல்லும் இடம் ஒன்றே: நீரோடு நீர் கூடும் இடம்.

தோணி நகர்ந்தது. "ஆற்றில மீனே இல்லை அப்பா" என்றேன். அவர் துடுப்பை நிறுத்தினார். "மீன் இல்லையெண்டு சொல்லாதே மகன். நாம நிக்கிற இடத்தில மீன் இல்லையெண்டு சொல்லு" என்றார்.

அன்று அவர் கொடுவாவைத் தேடவில்லை. கொடுவாவின் உணவைத் தேடினார். மணலைக் குஞ்சுகள் நீர்மேல் எங்கே துள்ளுகின்றன, எல்லாம் ஒரே பக்கமாகத் துள்ளுகின்றனவா, கொக்கு எந்தக் கரையில் அசையாது நிற்கின்றது என்றே பார்த்து வந்தார். கொடுவா இரையை நெடுந்தூரந் துரத்தும் மீனன்று. கண்ணா மரத்தின் வேரிடுக்கிலோ, அமிழ்ந்த மரத்தின் நிழலிலோ, பாலத் தூணின் மறைவிலோ பதுங்கியிருந்து, நீர் கொண்டுவருவதை வாங்கிக்கொள்வது. வெப்பநீர் மீனாதலின் நீர் குளிர்ந்தால் மந்தமடையும். அப்பொழுது இரை வாயருகே வந்தாலன்றி அசையாது. மீன்படாத நாளின் மருமம் இதுவே. மீன் போய்விடவில்லை, அது நம்மிடம் வருவதை நிறுத்திவிட்டது.

முகத்துவாரத்துக்கு உட்புறமாக, செந்நிற வெள்ளமும் கடலின் தெளிநீரும் கோடு கிழித்தாற்போற் சந்திக்கும் இடத்துக்கு அருகே, கண்ணாக்காட்டினூடே நீர் வடியும் வாய்க்கால் ஒன்றின் வாயைத் தெரிந்தெடுத்தார். இனிக் காலம். நம் கரையில் ஏற்றவற்றம் மிகச் சிறிது, கண்ணுக்குத் தெரியாது. அப்பா சேற்றிலே குச்சியொன்றை நட்டு, அதன் ஈரத்தைப் பார்த்திருந்தார். மூன்று மணிநேரம் தூண்டில் போடவேயில்லை. எனக்குப் பசியும் சினமும் வளர்ந்தன. ஈரக்கோடு குச்சியில் ஒரு விரலளவு வெளிப்பட்டதும், வற்று தொடங்கிற்றென அறிந்து எழுந்தார். நீர் வாய்க்காலிலிருந்து வடியும்பொழுது இறாலும் குஞ்சுமீனும் அதனோடு இழுபட்டு வரும். கொடுவா நீரோட்டத்தை எதிர்நோக்கி வாயிலில் நிற்கும்.

இரையிடுதலிலும் நுட்பமுண்டு. நசுக்கிய இறால் தலைகளைச் சிறிது சிறிதாக மேல்நீரில் விட்டார். அது கொடுவாவுக்கன்று, குஞ்சுமீன்களைக் கூட்டுதற்கு. கூட்டங் கூடினால் கொடுவா தானே கிட்டும் என்பது அவர் கணக்கு. பின்பு உயிர் இறாலொன்றை, அது சாகாதவாறு மெல்லத் தூண்டிலிற் கோத்து, பதுங்குமிடத்துக்கு மேலே இட்டு, நீரோட்டமே கொண்டுசெல்லுமாறு தங்கூசியைத் தளர்த்தினார். இழுக்கவில்லை, ஆட்டவுமில்லை.

நம் வாவியின் மீன் பாடும் என உலகு அறியும். எங்கள் வீட்டை வாழ்வித்த ஓசை வேறு. கொடுவா வாய் திறந்து இரையை நீரோடு உறிஞ்சும்பொழுது 'பொளக்' என்றோர் ஒலி எழும். அன்று அவ்வொலி வேரடியில் எழுந்தது. தங்கூசி விறைத்தது, வெள்ளி போல் மீன் நீரைவிட்டு எழுந்து தலையை உதறிற்று. அதன் செவுள்மூடி கத்தி போன்றது; உரசினால் தங்கூசி அறும். அப்பா தளர்த்தியும் இறுக்கியும் நெடுநேரம் போராடி அதனைத் தோணியில் ஏற்றினார். ஏறக்குறைய ஒன்பது கிலோ இருந்தது. வற்று முடியுமுன் சிறியன இரண்டும் பட்டன. கடைக்கடன் தீர்ந்தது. என் படிப்பும் நிற்கவில்லை.

திரும்பும் வழியிற்றான் அவர் வாய் திறந்தார். "எனக்கு வயல் செய்யத் தெரியாது மகன். இதுதான் தெரியும்" என்றார். என்னைத் தொழிலுக்கு எடுக்கவன்று, தம்மைக் காட்டவே அழைத்து வந்தாரென அப்பொழுது விளங்கிற்று.

வள்ளுவர் காலமறிதலிற் கொக்கையும் இடனறிதலில் முதலையையும் எடுத்துக்காட்டினார் என ஆண்டுதோறும் வகுப்பிற் சொல்கின்றேன். அவ்விரண்டு அதிகாரங்களையும் ஏட்டைத் தொடாத ஒருவர் ஒரு குச்சியைக்கொண்டு எனக்குக் கற்பித்தார். ஆசிரியர் கலாசாலையிற் பயிற்சி பெற்றவன் நான். எனினும் வாய் திறவாத மாணவன் ஒருவனைக் காணும்பொழுது எனக்கு உதவுவது அப்பாவின் சொல்லே. இவனிடம் ஒன்றுமில்லை என்று எண்ண வாயெடுத்து, நான் நிற்குமிடம் சரியா என்று பார்க்கின்றேன்.

அந்தத் தோணியை 2004 டிசெம்பர் 26 இல் ஆழிப்பேரலை கொண்டுபோயிற்று. அப்பாவும் இன்றில்லை. பேருருவக் கொடுவாக்கள் பெரும்பாலும் முட்டையிடுந் தாய்கள் என்பதைப் பின்னாளில் நூலிற் படித்தேன். கழிமுகத்தில் அத்தகையது பட்டால் விட்டுவிடுவதும், கண்ணா மரங்களை வெட்டாதிருப்பதும் நம் மாணவர் கடன்; அவ்வேரிடுக்குகள் அழிந்தால் இடனறிதற்கு இடமே இராது.

கட்டுரைக்காக நான் அப்பாவிடம் மன்னிப்புக் கேட்டதில்லை. கேட்டிருந்தால், "அதுக்கென்ன மகன்" என்றிருப்பார். ஆகவே அன்று எழுதவேண்டியதை இன்று எழுதுகின்றேன். என் தந்தையார் பாலமீன்மடுவைச் சேர்ந்த மீனவர். மீன்படாத நாளிலும் மீன் இருக்குமிடம் அறிந்தவர்.