உட்கார்ந்த புலியும் என் பன்னிரண்டு கொடிகளும்

போடின்னு சொன்னா "ஏலக்கா என்ன விலை?"ன்னு கேப்பாங்க. பொட்டிபுரம்னு சொன்னா நியூட்ரினோ. ரெண்டைப் பத்தியும் இன்னிக்கு எழுதப் போறதில்லை. கட்டைவிரல்ல பாதி உயரம், அதாவது 28 மில்லிமீட்டர் இருக்கிற படைவீரர் பொம்மைகளுக்கு நான் பெயிண்ட் அடிக்கிற கதை இது. ஏழு கழுதை வயசாச்சு, இன்னும் பொம்மையான்னு கேக்காதீங்க. எங்க வீட்டுல ஏற்கெனவே கேட்டுட்டாங்க :-)

அக்கா பையனும் நானும் சாப்பாட்டு மேஜையில இவங்களை அணிவகுத்து, தாயக்கட்டை உருட்டிப் போர் செய்வோம். முதல்ல வாங்கினது ஐரோப்பிய நைட்டுகள். தலையை முழுசா மூடுற இரும்புத் தொப்பி போட்டா யாரு எவருன்னு தெரியாது. அதனால கேடயத்துல சின்னம். அதுக்கு ஒரு சட்டம் உண்டு. மஞ்சளும் வெள்ளையும் உலோகம் (தங்கம், வெள்ளி). சிவப்பு, நீலம், கறுப்பு, பச்சை, ஊதா எல்லாம் நிறம். உலோகத்து மேல உலோகமும், நிறத்து மேல நிறமும் வரக்கூடாது. தூரத்துல இருந்து பார்த்தா பளிச்சுன்னு தெரியணும், அவ்வளவுதான்.

ஒரே சின்னத்தை ரெண்டு பேர் வச்சிருந்தா? 1385-ல ஸ்காட்லாந்துப் படையெடுப்புல ஸ்க்ரோப்புங்கிறவரும் க்ராவ்னருங்கிறவரும் ஒரே சின்னத்தோட வந்து நின்னாங்க. நீலத்துல சாய்வா ஒரு தங்கப் பட்டை. கேஸ் வருஷக்கணக்கா இழுத்துச்சு. கவிஞர் சாசரே 1386-ல சாட்சி சொன்னார். கடைசியில ஸ்க்ரோப்புக்குத்தான் ஜெயம். ஒரு பட்டைக்கு இவ்வளவு ரகளை! நான் ரெண்டு பேரையும் பெயிண்ட் பண்ணிப் பக்கத்துல பக்கத்துல நிறுத்தி வச்சிருக்கேன்.

போன வருஷம் மருமகன் பள்ளிக்கூடத்துல கண்காட்சி. சோழர் படை வேணும்னான். பன்னிரண்டு கொடிவீரர்கள். ஆடி மாசம், சாரல் வேற, பிரைமர் அடிச்சா வெள்ளையாப் பூத்துப் போகுது. எப்படியோ முடிச்சேன். மஞ்சள் கொடியில வாயைப் பிளந்து பாயுற புலி. பிள்ளைங்க சுத்தி நின்னு கேட்டப்ப, "அச்சு அசல் இப்படித்தான் இருந்துச்சு"ன்னு அடிச்சு விட்டேன். மூணு பொம்மையைப் பிள்ளைங்களுக்கே குடுத்தும் விட்டேன்.

அப்புறந்தான் ராஜேந்திர சோழனோட திருவாலங்காட்டுச் செப்பேட்டு முத்திரையோட படத்தை நிதானமாப் பார்த்தேன். 1905-ல கிடைச்ச செப்பேடு, 31 ஏடு. அந்த வளையத்து முத்திரையில புலி பாயவே இல்லீங்க. உட்கார்ந்திருக்கு. எதிர்ல ரெண்டு மீன் நிமிர்ந்து நிக்குது, கீழே வில், மேலே குடை, சாமரம். பாண்டியனும் சேரனும் ஜெயிக்கப்பட்ட கணக்கு. இங்கிலாந்து ராஜா மூணாம் எட்வர்டு 1340-ல பிரான்ஸ் எனக்குத்தான்னு சொல்லி அந்த ஊரு அல்லிப் பூவைத் தன் கேடயத்துல சேர்த்துக்கிட்டார். நம்மாளு அதை முந்நூறு வருஷம் முன்னாடியே செஞ்சுட்டார். பாயவேண்டிய அவசியமே இல்லாத புலி அது. நான் சினிமா போஸ்டரைப் பார்த்து வரைஞ்சிருக்கேன்.

செம்புல நிறம் கிடையாது. அதனால நைட்டுகளோட சட்டத்தையே கடன் வாங்கி, சிவப்புல மஞ்சள் புலின்னு வச்சுக்கிட்டேன். அது சோழர் சட்டம் இல்ல, என் சட்டம்னு இந்தத் தடவை பிள்ளைங்ககிட்ட சொல்லிடணும். டீச்சருக்குப் போன் பண்ணினேன். "பொம்மைதானே சார், விடுங்க"ன்னாங்க. விட மனசில்லை. சனிக்கிழமை வரச் சொல்லியிருக்காங்க.

சிக்கல் என்னன்னா எனக்கு 46 ஆச்சு. மூணாம் நம்பர் பூஜ்ய பிரஷ் முனையே ரெண்டாத் தெரியுது. ராத்திரி லைட்டுக்குக் கீழே கண்ணைச் சுருக்கிக்கிட்டு உட்கார்ந்திருந்தப்ப அப்பா வந்தார். நாப்பது வருஷம் ஏலக்காய் ஸ்டோர்ல தரம் பிரிச்சவர். எட்டு மில்லிமீட்டர் காயா ஏழான்னு சல்லடைக்கு முன்னாடியே கண்ணு சொல்லிடும். என் பொம்மைப் பக்கம் ஒரு நாளும் திரும்பினதில்லை. போன மாசம் கண்புரை ஆபரேஷன் ஆனதுல இருந்து எதைப் பார்த்தாலும் கிட்டப் போய்ப் பார்க்கிறார்.

"யாரு கொடிடா இது?"

"சோழர் கொடிப்பா."

"நம்ம பாண்டிய நாடு. எதுக்கு மீனைக் கொண்டுபோய் அவன் கொடியில போட்ட?"

கதையைச் சொன்னேன். ஒண்ணும் பேசலை. லென்ஸை வாங்கி, காஞ்சிட்டிருந்த கொடிங்களை ஒவ்வொண்ணா, காயைப் புரட்டுற மாதிரியே ரெண்டு விரல்ல புரட்டினார். ரெண்டைத் தனியா எடுத்து வச்சார்.

"ரெண்டு மீனுன்னுதானே சொன்ன? இதுல ஒண்ணுதான் இருக்கு. இதுலயும்."

லென்ஸ்ல பார்த்தேன். ஒண்ணுதான் இருந்துச்சு. பிரஷ்ஷை எடுத்தேன். அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "லைட்டைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்பு"ன்னார்.