செவ்வந்திக்கு ஒரு விளக்கு

வெளிச்சம், இருட்டு என்ற இரண்டு வார்த்தைகளையும் நம் சிறுபத்திரிகைக் கவிதைகள் தேய்த்த அளவுக்கு வேறெதையும் தேய்த்ததில்லை. எழுதியவர்களில் எத்தனை பேர் ஒரு பல்பை, அது என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்வதற்காக மட்டும், பார்த்திருப்பார்கள் என்பது சந்தேகம். செடிக்கு விளக்கு தேடிப் போனபோது இது எனக்குத் தோன்றியது. தேடிப் போன காரணம் இலக்கியம் அல்ல.

அவனியாபுரத்தில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில், சவுக்குக் கம்பும் பச்சை நிழல்வலையும் கொண்டு அப்பா போட்ட குடில் ஒன்று இருக்கிறது. அதற்குள் 13 தொட்டிகளில் மஞ்சள் செவ்வந்தி. ஐப்பசியில் மொட்டுப் பிடித்து மார்கழி வரைக்கும் பூக்கும். மூன்று வருஷத்துக்கு முன் அப்பா இறந்தார். அந்த வருஷம் செடிகள் பூக்கவில்லை. அடுத்த வருஷமும் இல்லை. நோய் என்று சொல்வதற்கில்லை. தண்டு நீண்டு, இலை கரும்பச்சையாய், குறை சொல்ல முடியாத ஆரோக்கியத்தோடு பூக்காமல் நின்றன. குடிலுக்கு வெளியே, தண்ணீர் டாங்கின் மறைவில் தனியாக இருக்கும் பதினாலாவது தொட்டி மட்டும் இரண்டு வருஷமும் பூத்தது. அது அப்பா கடைசியாக வைத்த கன்று. அம்மாவுக்கு இதற்கு மேல் சாட்சியம் வேண்டியிருக்கவில்லை. ஒருநாள் தண்ணீர் ஊற்றிக்கொண்டே, “பூ வைக்காதவ கைத்தண்ணி. அதான் பூக்கல” என்றாள். பால் விலையைச் சொல்வது போலச் சொன்னாள்.

வங்கியில் பக்கத்து ஸீட் நண்பர், நிழல்வலைக்குள் வெளிச்சம் போதவில்லை, ஊதா நிறத்தில் செடி விளக்கு விற்கிறார்கள், வாங்கி மாட்டுங்கள் என்றார். டவுன்ஹால் ரோட்டில் ஒரு கடையில் விசாரித்தேன். கடைக்காரர் பெட்டியை எடுத்து வைத்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, “என்ன செடி சார்?” என்றார். செவ்வந்தி என்றேன். “செவ்வந்திக்கா சார் இது?” என்று சிரித்தார். நம்பவில்லை என்பது தெரிந்தது. அவரைக் குற்றம் சொல்ல முடியாது. மேல்நாடுகளில் மூடிய அறைக்குள் கஞ்சா வளர்ப்பவர்களால் பிரசித்தமான விளக்கு அது. நம்மூரில் 1985ஆம் வருஷத்துச் சட்டப்படி அந்தச் செடியை உரிமம் இல்லாமல் வளர்ப்பதே குற்றம். அதே சட்டம் கஞ்சா என்ற சொல்லுக்கு வரையறை தரும்போது பூத்த அல்லது காய்த்த நுனியைத்தான் சொல்கிறது. நுனியோடு சேராத இலையும் விதையும் அந்தச் சொல்லுக்குள் வருவதில்லை. ஒரு செடி பூத்ததா இல்லையா என்பதைப் பற்றி இத்தனை அக்கறையாக யோசித்தவர்கள் என் அம்மாவும் சட்டம் இயற்றியவர்களும்தான் என்று அப்போது நினைத்துக்கொண்டேன். விளக்கை வாங்கவில்லை. பெட்டி மேல் அச்சிட்டிருந்ததை மட்டும் குறித்துக்கொண்டு வந்தேன்.

அதில் கொட்டை எழுத்தில் இருந்தது லுமென் கணக்கு. ஆங்கில இலக்கியம் படித்தவனுக்கு இதெல்லாம் அந்நியம்தான். ஆனாலும் ஒரு வாரம் உட்கார்ந்து படித்ததில் ஒரு விஷயம் பிடிபட்டது. லுமென் என்பது மனிதக் கண்ணின் அளவுகோல். நம் கண்ணுக்கு 555 நானோமீட்டரை ஒட்டிய பச்சைதான் மிகப் பிரகாசம். அதை உச்சமாக வைத்து மற்ற நிறங்களுக்கு மார்க் போடுகிறார்கள். செடி அதிகம் உறிஞ்சிக்கொள்வதோ நீலத்தையும் சிவப்பையும். பச்சையில் கணிசமான பங்கைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. இலை பச்சையாகத் தெரிவதே அதனால்தான். ஆக, செடி தள்ளிவிடுவதற்கு அதிக மார்க்கும் உண்பதற்குக் குறைந்த மார்க்கும் போடும் அளவுகோலை வைத்துக்கொண்டு செடிக்கு விளக்கு தேர்ந்தெடுக்கச் சொல்கிறார்கள். (தமிழ்க் கவிதையை வேறு கண்ணுக்கென்று செய்த அளவுகோலால் அளக்கிறவர்கள் ஞாபகத்துக்கு வந்தார்கள். பெயர் வேண்டாம், இந்தப் பத்திரிகையின் வாசகர் வட்டம் சிறியது.)

இது வெளிச்சம் சாப்பாடாக இருக்கும்போது. வெளிச்சம் செடிக்குச் செய்தியாகவும் இருக்கிறது. விஷயம் சூடு பிடித்தது இங்கேதான். அமெரிக்க விவசாயத் துறையைச் சேர்ந்த கார்னர், அல்லார்ட் என்ற இருவர் 1920இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கோடை முழுக்க வளர்ந்துகொண்டே போய்ப் பூக்க மறுத்த ஒரு புகையிலை ரகத்தைத் தினமும் சில மணி நேரம் முன்கூட்டியே இருட்டில் வைத்தார்கள்; பூத்தது. பகல் குறைந்தால் பூக்கும் செடிகளுக்குக் குறும்பகல் தாவரம் என்று பெயர் வந்தது. செவ்வந்தி அந்த ஜாதி. கஞ்சாவும்தான். பெயர் அவ்வளவு சரியில்லை என்பது 1938இல் தெரிந்தது. ஹாம்னர், பானர் என்ற இருவர், நம் பொட்டல்களிலும் மண்டிக் கிடக்கும் மருளூமத்தைச் செடியை நீண்ட இரவுக்குள் வைத்து, நடுவில் சிறிது நேரம் மட்டும் வெளிச்சம் காட்டினார்கள். செடி பூக்கவில்லை. செடி எண்ணுவது பகலை அல்ல, இடையறாத இருட்டை. நடுவில் ஒரு முறை விளக்கைக் காட்டினால் எண்ணிக்கை கலைந்துவிடுகிறது. இதற்குப் பலத்த வெளிச்சமும் தேவையில்லை. சாப்பாட்டுக்குத்தான் அளவு வேண்டும், செய்திக்கு அல்ல.

மதுரையில் வருஷத்தின் மிகக் குறைந்த பகல் சுமார் 11½ மணி நேரம். மிக நீண்ட பகல் 12¾ மணிக்குச் சற்றுக் குறைவு. நாம் வித்தியாசம் என்றே எண்ணாத இந்த ஒரு மணி சொச்சத்தைப் படித்துத்தான் செவ்வந்தி ஐப்பசியை அறிகிறது. ஓசூர்ப் பக்கம் செவ்வந்திப் பயிர்க்காரர்கள் இந்தப் படிப்பைக் கெடுத்தே பிழைக்கிறார்கள். வயலுக்கு மேல் வரிசையாகப் பல்பு கட்டி, இரவில் சில மணி நேரம் எரிய விட்டு, செடியைக் கோடையிலேயே நிறுத்தி வைத்துக்கொள்கிறார்கள். நல்ல விலை வரும் நாளைக் கணக்குப் பண்ணி விளக்கை அணைக்கிறார்கள். சில வாரத்தில் பூ. அதற்கு ஊதா விளக்கு அவசியமில்லை. சிவப்பு கொஞ்சம் கலந்த எந்தச் சாதாரண பல்பும் போதும்.

இதைப் படித்த இரவு மாடிக்குப் போனேன். குடிலின் கிழக்குப் பக்கம் தெரு. கைப்பிடிச் சுவருக்குச் சற்று மேலே, கை நீட்டினால் எட்டிவிடும் போல, தெருவிளக்கு, வெள்ளை எல்.இ.டி. அப்பா இறந்து இரண்டு மாதம் கழித்து மாட்டியது. சாயங்காலம் பிடித்து விடியும் வரை எரிகிறது. ஓசூர்க்காரர்கள் காசு கொடுத்துச் செய்வதை எங்கள் தெரு இலவசமாகச் செய்துகொண்டிருந்தது. டாங்கின் நிழல் பதினாலாவது தொட்டியின் மேல் கறுப்பாக, ஓரம் வெட்டினாற்போல விழுந்திருந்தது.

ஆக நான் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது விளக்கை அல்ல. மறுநாள் கறுப்புத் துணி எட்டு மீட்டர் வாங்கினேன். இரட்டையாக மடித்துத் தைத்து, தெருப் பக்கம் திரைபோல இழுக்கும்படி கம்பி கட்டினேன். காலை வெயில் அந்தப் பக்கத்திலிருந்துதான் வர வேண்டும். ஆகையால் நிரந்தரமாக மூடிவிட முடியாது; அந்தியில் இழுத்து, விடிந்ததும் திறக்க வேண்டும். ஒத்துப் பார்க்காமல் ஒரு கணக்கையும் மூடாத தொழில் என்னுடையது. இரண்டு தொட்டிகளைத் திரைக்கு வெளியே விட்டு வைத்தேன். நான்காவது வாரம் உள்ளே இருந்த பதினொன்றில் ஒன்பது மொட்டுப் பிடித்தன. வெளியே விட்ட இரண்டும் இலையாகவே நின்றன.

முழு நிரூபணம் வேண்டுமென்றால் அப்பாவின் தொட்டியை டாங்கின் நிழலிலிருந்து தெருவிளக்கின் கீழ் நகர்த்த வேண்டும். அந்தச் சோதனையைச் செய்யவில்லை. செய்யப் போவதும் இல்லை.

மொட்டு வந்த அன்று அம்மாவை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். புகையிலை, மருளூமத்தை, ஓசூர், தெருவிளக்கு எல்லாம். பொறுமையாகக் கேட்டாள். “அப்ப என் கை இல்லையா?” என்றாள். இல்லை என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. முகம் இளகியதைப் பார்த்தேன். அதற்காகத்தானே இத்தனையும் படித்தது. பிறகு கேட்டாள்:

“அந்தத் தொட்டிய மட்டும் கொண்டுபோய் டாங்குக்குப் பின்னாடி வச்சது யாருப்பா? அப்ப லைட்டே வரலையே.”

இடம் இல்லாமல் ஒதுக்கி வைத்திருப்பார். அதை நான் சொல்லவில்லை.

காலையில் திரையைத் திறக்கும் வேலையை இப்போது அவள் எடுத்துக்கொண்டிருக்கிறாள். பூவைப் பறித்து முதலில் படத்துக்குப் போடுகிறாள். மிச்சத்தை எதிர்வீட்டுப் பெண்கள் வந்து வாங்கிப் போகிறார்கள். வெளியே விட்ட இரண்டு தொட்டிகளையும் உள்ளே இழுத்து வைத்துவிட்டாள். ஒத்துப் பார்க்க எனக்கு இனி எதுவும் இல்லை.